வாகனம் பழகுமுன் பயிற்றுநரைப் பாருங்கள்

வியாபாரிகளாகிய நாம் ஒரு மூடை சீமெந்து வாங்குவதென்றாலும் நாலு இடத்தில் விலை கேட்கிறோம். மூடையின் திகதியைப் பார்க்கிறோம். மூலையை அழுத்திப் பார்த்து, கட்டி பிடித்திருந்தால் ஒதுக்கி வைக்கிறோம். ஆனால் மகனையோ மகளையோ கடையில் நிற்கும் பையனையோ வாகனம் பழக அனுப்பும்போது மாத்திரம் இரண்டே இரண்டு கேள்விகளோடு நிறுத்தி விடுகிறோம். ஒன்று, எங்கே குறைவு? மற்றது, எங்கே கெதியாக லைசன் எடுக்கலாம்?

2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்ட பிறகு, கடைக்கு வருபவர்களின் பேச்சில் வாகனம் அதிகமாகவே அடிபடுகிறது. என்ன வேன் எடுக்கலாம், லீசிங் எப்படி, பழைய வாகனத்தைக் கொடுத்து மாற்றலாமா என்றெல்லாம் கேட்கிறார்கள். அந்த வாகனத்தை ஓட்டப் போகிறவர் யாரிடம் பழகப் போகிறார் என்று ஒருவரும் கேட்பதில்லை. அதனால் இந்த வாரம் கடன், காசோலை, விலைவாசி எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு இதைப் பற்றி எழுதுகிறேன். சாரதிப் பயிற்சியும் ஒரு கொள்வனவுதான். தரம் பாராமல் வாங்கினால் நட்டம் வரும். இந்த நட்டத்தைக் கணக்குப் புத்தகத்தில் எழுதித் தீர்க்க முடியாது. நான் ஒரு தடவை அப்படி வாங்கியவன்.

நான் பழகிய விதம்

1994 இல் மாவனல்லையில் வாப்பாவின் ஹார்ட்வெயார் கடையில் நான் நின்ற காலம். கொழும்பு பழைய சோனகத் தெருவில் சாமான் எடுத்து, ஒரு பழைய வேனில் ஏற்றிக் கொண்டு வருவோம். ஒரு முறை எங்கள் டிரைவர் நானாவுக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்துவிட்டார். சாமான் கொழும்பில், கட்டட வேலைக்காரர்கள் எங்கள் கடை வாசலில். நாலாம் நாள் ஒரு நல்ல வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விட்டார். அன்றிரவே வாப்பா சொன்னார்: "நீ ஓட்டப் பழகு. இன்னொருத்தர்ட காலை நம்பி யாவாரம் செய்ய ஏலாது."

பழக்கியவர் அதே டிரைவர் நானாதான். இருபது வருடம் ஓட்டிய கை. ஒரு சின்ன விபத்துக்கூட இல்லை. ஆனால் ஓட்டத் தெரிந்தவருக்கெல்லாம் ஓட்டிப் பழக்கத் தெரியும் என்பதில்லை. நான் கிளச்சை விடும்போது வேன் குதித்தால், "அப்படி இல்ல, இப்படி!" என்று சத்தம் போடுவார். 'இப்படி' என்றால் எப்படி என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. அவருடைய கால் அதைத் தானாகவே செய்துகொண்டிருந்தது. கால் அறிந்ததை வாய் அறியவில்லை. நானும் சத்தத்துக்குப் பயந்து, வீதியைப் பார்ப்பதை விட அவர் முகத்தைத்தான் அதிகம் பார்த்தேன்.

பழகியது ஒரு சமதரை மைதானத்தில். பரீட்சையும் சமதரையில். பாஸ் பண்ணினேன். வீட்டில் சந்தோஷம். மூன்றாவது கிழமை, கண்டிக்குப் போகும்போது கடுகண்ணாவ ஏற்றத்தில் முன்னால் போன பஸ் நின்றது. நானும் நின்றேன். பஸ் புறப்பட்டபோது நான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வேன் பின்னால் உருண்டது. பின்னால் நின்ற முச்சக்கரவண்டியின் முன் கண்ணாடி உடைந்து, மட்காட் நசுங்கியது. அந்த மனிதர் சத்தம் போடவில்லை. இறங்கி வந்து என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, ஏத்தத்தில எடுக்கக்குள்ள ஹேண்ட் பிரேக் போட்டு எடுக்கணும்டு ஒங்களுக்கு ஆரும் சொல்லித் தரல்லியா?"

ஒருவரும் சொல்லித் தரவில்லை. மைதானத்தில் ஏற்றம் இருக்கவில்லை.

அதன் பிறகு லைசன் கையில் இருக்க, வெட்கத்தை விட்டுவிட்டு மீண்டும் பழகப் போனேன். இந்த முறை இ.போ.ச. பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற வயதான சிங்களவர் ஒருவரிடம். பத்து நாள் பாடம். அவர் என்னை ஒரு தடவையும் ஏசவில்லை. அவசரப்பட்டால் "ஹெமின், ஹெமின்" என்பார். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். அவரிடம் ஒரு அப்பியாசக் கொப்பி இருந்தது. இன்று என்ன பிழை, நாளை எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று எழுதி வைப்பார். ஓட்டும்போது கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் வாயால் சொல்லச் சொல்வார். "இடது பக்கம் பஸ் ஹோல்ட், இரண்டு பேர் நிற்கிறார்கள். முன்னால் முச்சக்கரவண்டி, டிரைவர் ஆள் தேடுகிறார், திடீரென்று நிற்பார். வலது பக்கம் ஒழுங்கையிலிருந்து சைக்கிள்." இப்படிச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாம் நாள்தான் புரிந்தது, இதுவரை நான் வேனை ஓட்டியிருக்கிறேனே தவிர, வீதியைப் பார்க்கவில்லை என்று.

நான் செய்த மலிவான கொள்வனவு

இவ்வளவு அனுபவம் இருந்தும் 2016 இல் நான் ஒரு பிழை செய்தேன். அதை எழுதாமல் இந்தக் கட்டுரையை எழுதுவதில் அர்த்தமில்லை.

அப்போது கடையில் டெலிவரிக்கு வாடகை வேன் பிடித்துக்கொண்டிருந்தோம். மாதம் முடிந்து கணக்குப் பார்த்தால் வாடகை பெரிய தொகையாக இருந்தது. கடையில் நின்ற இருபத்திரண்டு வயதுப் பையன் நேர்மையானவன், சுறுசுறுப்பானவன். அவனுக்கு லைசன் எடுத்துக் கொடுத்தால் சொந்த வேனை அவனே ஓட்டுவான், வாடகை மிச்சம் என்று கணக்குப் போட்டேன். இரண்டு லேர்னர்ஸில் விசாரித்தேன். இரண்டுக்கும் எட்டாயிரம் ரூபா வித்தியாசம். குறைந்த இடத்தில், "நீங்க ஒண்டும் யோசிக்க வேணாம் ஹாஜியார், எல்லாம் நாங்க பாத்துக்கொள்றோம். பாஸ் நிச்சயம்" என்றார்கள். அந்த வார்த்தை எனக்கு இனித்தது. பணத்தைக் கட்டினேன்.

பையன் பாஸ் பண்ணினான். வேனைக் கொடுத்தேன். இரண்டாவது மாதம் ஒரு வீட்டுக்குத் தரை ஓடு இறக்கிவிட்டு, ஒடுக்கமான ஒழுங்கையிலிருந்து பின்னால் எடுத்திருக்கிறான். பாடசாலை விட்டு வந்த ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று வேனுக்குப் பின்னால் நின்றது. கண்ணாடியில் தெரியவில்லை. அந்தப் பிள்ளையின் கால் எலும்பு முறிந்தது.

பொலிஸ், ஆஸ்பத்திரி, நீதிமன்றம் என்று மாதங்கள் போயின. காப்புறுதியில் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தார்கள். நானும் என்னால் ஆனதைக் கொடுத்தேன். அல்ஹம்துலில்லாஹ், அந்தப் பிள்ளை நடக்கிறது, ஓடுகிறது. ஆனால் மழைக் காலத்தில் அந்தக் கால் இன்னும் வலிக்கிறது என்று உம்மா சொல்கிறார். இதற்கு எந்தக் காப்புறுதியில் விலை போடுவது?

நீதிமன்றத்துக்குப் போன முதல் நாள், வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கும்போது பையன் மெதுவாகச் சொன்னான்: "ஹாஜியார், பின்னால எடுக்கிறது எனக்கு ரெண்டு தரம்தான் காட்டித் தந்தாங்க."

வேறு என்ன காட்டித் தந்தார்கள் என்று கேட்டேன். அங்கேயே உட்கார்ந்து இருவரும் கணக்குப் பார்த்தோம். பயிற்சி பதினைந்து நாள். ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட. ஆனால் காரில் நாலு பேர். ஏறி இறங்கும் நேரம், பயிற்றுநர் தொலைபேசியில் பேசும் நேரம் கழித்தால் ஒருவருக்கு ஸ்டீயரிங் கிடைத்தது பத்து நிமிடம். பதினைந்து தடவை பத்து நிமிடம், நூற்றைம்பது நிமிடம். இரண்டரை மணித்தியாலம்! இரண்டரை மணித்தியாலம் பழகியவனிடம் ஒரு தொன் சாமானை ஏற்றி வீதிக்கு அனுப்பியது யார்? லேர்னர்ஸ்காரர் மட்டுமா? எட்டாயிரம் ரூபா மிச்சம் பிடித்த நானும்தான்.

அந்தப் பையன் இன்றைக்கும் என் கடையில்தான் இருக்கிறான். கணக்கு எழுதுகிறான். ஸ்டீயரிங்கைத் தொடுவதில்லை. நான் வற்புறுத்துவதும் இல்லை.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

அதற்குப் பிறகு யாரை அனுப்பினாலும் நானே நேரில் போய்க் கீழ்வரும் கேள்விகளைக் கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள். நல்ல பயிற்றுநர் இவற்றைக் கேட்டுக் கோபிக்க மாட்டார். கோபித்தால் அதுவே உங்களுக்குப் பதில்.

1. பதிவு இருக்கிறதா? சாரதிப் பயிற்சிப் பாடசாலைகள் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். பயிற்றுநருக்கும் தனியான அனுமதிப்பத்திரம் உண்டு. சுவரில் மாட்டியிருப்பதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வராமல், பெயரையும் திகதியையும் வாசியுங்கள். பத்திரத்தில் உள்ள ஆள்தானா உண்மையில் பழக்கப் போகிறவர் என்றும் கேளுங்கள்.

2. நாள் அல்ல, நிமிடம் எத்தனை? "இருபது நாள் பயிற்சி" என்பது ஒன்றும் சொல்லாத பேச்சு. என் பிள்ளையின் கையில் ஸ்டீயரிங் மொத்தம் எத்தனை நிமிடம் இருக்கும், ஒரு தடவைக்குக் காரில் எத்தனை பேர் என்று கேளுங்கள். பிறகு விலையை மணித்தியாலத்தால் பிரியுங்கள். ஓர் உதாரணம். ஓரிடத்தில் முப்பதாயிரம் ரூபாவுக்கு மூன்று மணித்தியாலம். மற்ற இடத்தில் ஐம்பதாயிரம் ரூபாவுக்குப் பத்து மணித்தியாலம். முதலாவது மணித்தியாலம் பத்தாயிரம், இரண்டாவது ஐயாயிரம். எது மலிவு? நாம் மொத்த விலையைப் பார்த்து ஏமாறுகிறோம். கிலோ விலை பார்க்கத் தெரிந்தவர்கள் இங்கே மட்டும் மூடை விலையைப் பார்க்கிறோம்.

3. வாகனத்தில் இரட்டைக் கட்டுப்பாடு இருக்கிறதா? பயிற்றுநரின் காலடியிலும் ஒரு பிரேக்கும் கிளச்சும் இருக்க வேண்டும். ஏறிப் பாருங்கள். முன்னும் பின்னும் 'எல்' பலகை இருக்கிறதா, டயரில் பூ இருக்கிறதா, ஆசனப் பட்டி பூட்டுகிறதா என்று பாருங்கள். பழகுபவர் ஓட்டும்போது விபத்து நடந்தால் காப்புறுதி செல்லுமா என்று கேட்டு, பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

4. எங்கே பழக்குகிறீர்கள்? மைதானம் முதல் இரண்டு மூன்று நாளைக்குத்தான். பிறகு ஒழுங்கை, பிரதான வீதி, சுற்றுவட்டம், ஏற்றம், பின்னால் எடுத்தல், மழை, இரவு என்று எல்லாம் இருக்க வேண்டும். குறிப்பாக, "ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பதை எங்கே காட்டுகிறீர்கள்?" என்று இடத்தின் பெயரைக் கேளுங்கள். இடத்தின் பெயரைச் சொல்ல முடியாதவர் அதைக் காட்டப் போவதில்லை.

5. ஒரே பயிற்றுநரா? நாளுக்கொருவர் மாறினால் நேற்றைய பிழை இன்றைக்கு வருபவருக்குத் தெரியாது. கொப்பியோ அட்டையோ வைத்திருப்பவர் என்றால் மிக நல்லது.

6. மொழியும் சௌகரியமும். பழகுபவருக்கு விளங்கும் மொழியில் பேசுபவராக இருக்க வேண்டும். "பிரேக்!" என்ற சொல் விளங்கினால் போதாது, ஏன் பிரேக் என்பதும் விளங்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்றுநர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் வீட்டார் ஒருவர் பின் ஆசனத்தில் வர அனுமதி கேளுங்கள். பின்னால் வருபவர் வாய் திறக்கக் கூடாது என்பது என் அனுபவம்.

7. கட்டணத்தில் என்னென்ன அடங்கும்? மருத்துவச் சான்றிதழ், திணைக்களக் கட்டணம், பரீட்சைக்கு வாகனம், தவறினால் இரண்டாம் முறைக்கான செலவு எல்லாம் உள்ளேயா, வெளியேயா? எழுத்தில் வாங்குங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். முழுப் பணத்தையும் முதலில் கட்ட வேண்டாம். பாதி கட்டி, பாதிப் பயிற்சி முடிந்த பின் மீதியைக் கட்டுங்கள். இது எல்லா வியாபாரத்துக்கும் பொதுவான பாடம்.

8. "பாஸ் நிச்சயம்" என்றால் எழுந்து வாருங்கள். பரீட்சகர் வேறு, பயிற்றுநர் வேறு. மற்றவரின் கையில் இருக்கும் முடிவுக்கு ஒருவர் உத்தரவாதம் தருகிறார் என்றால், அவர் விற்பது பயிற்சியை அல்ல.

முடிந்தால் ஒரு பாடத்துக்கு மட்டும் பணம் கொடுத்துப் பரீட்சித்துப் பாருங்கள். பிழை விட்டபோது பயிற்றுநர் என்ன செய்தார் என்று பழகியவரிடம் கேளுங்கள். வாகனத்தை ஓரமாக நிறுத்தி விளக்கினாரா, ஓடும்போதே ஏசினாரா? இந்த ஒரு கேள்வியில் பாதி விஷயம் வெளியே வந்துவிடும்.

ஓட்டோவா, மெனுவலா?

இன்று பலர் ஓட்டோ கியர் வாகனத்தில்தான் பழக விரும்புகிறார்கள். இலகுதான். ஆனால் ஓட்டோ வாகனத்தில் பரீட்சை எழுதினால் அனுமதிப்பத்திரத்தில் அந்தக் கட்டுப்பாடு பதியப்படும். வீட்டுக் கார் மட்டும் ஓட்டுபவருக்கு அது போதும். கடைக்கு வேன், சின்ன லொறி என்று வரும்போது பெரும்பாலும் கிளச் உள்ளதுதான் கிடைக்கும். வியாபாரத்துக்காகப் பழகுபவர் மெனுவலில் பழகுவதே புத்தி. பெரிய லொறிக்கு 'பி' வகுப்பு லைசன் செல்லாது, கனரக வகுப்பு வேறாக எடுக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். வகுப்பில்லாத வாகனத்தை ஓட்டி விபத்து நடந்தால் காப்புறுதியும் கை விட்டுவிடலாம்.

பழகும்போது கவனிக்க வேண்டியவை

ஆசனம், கண்ணாடி, பட்டி. இந்த மூன்றையும் சரி செய்யாமல் சாவியைத் திருகக் கூடாது. கிளச்சை முழுவதும் அழுத்தினாலும் முழங்கால் சற்று மடிந்திருக்க வேண்டும். அதுதான் ஆசனத்தின் அளவு.

அடுத்தது கிளச் பிடிக்கும் இடம். மெதுவாக விடும்போது ஓரிடத்தில் என்ஜின் சத்தம் தாழும், வாகனம் முன்னால் இழுக்கப் பார்க்கும். ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுக்கொண்டு, அந்த இடத்தைக் காலால் கண்டுபிடித்து, அக்சிலேட்டரைச் சற்று அழுத்தி, பிறகுதான் ஹேண்ட் பிரேக்கை விட வேண்டும். வேன் ஓர் அங்குலமும் பின்னால் போகாது. 1994 இல் இந்த நாலு வரி எனக்குத் தெரிந்திருந்தால் ஒரு மனிதரின் முச்சக்கரவண்டி தப்பியிருக்கும்.

இறக்கத்தில் வேறு பாடம். கடுகண்ணாவையில் இறங்கும்போது பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிமானம் குறையும். குறைந்த கியரில் போட்டால் என்ஜினே வாகனத்தைப் பிடித்து வைக்கும். சிலர் எண்ணெய் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறார்கள். இது ஆபத்து மட்டுமல்ல, கணக்கிலும் பிழை. இக்காலத்து இன்ஜெக்ஷன் என்ஜின்களில், கியரில் இருக்கும்போது அக்சிலேட்டரை விட்டு இறக்கத்தில் வந்தால் எரிபொருள் போவது நின்றுவிடும். நியூட்ரலில்தான் என்ஜின் ஓடுவதற்கு எண்ணெய் செலவாகும்.

இடைவெளியும் ஒரு கணக்கு. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வாகனம் ஒரு செக்கனில் ஏறக்குறைய 14 மீற்றர் போகிறது. கண் கண்டு, மனம் உணர்ந்து, கால் பிரேக்கைத் தொட ஒரு செக்கன் என்று வையுங்கள். பிரேக் பிடிக்கத் தொடங்கு முன்பே 14 மீற்றர் போய்விட்டது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நாலு மடங்காகும். ஆகவே முன்னால் போகும் வாகனம் ஒரு கம்பத்தைக் கடந்து இரண்டு செக்கன் கழித்தே நாம் அதைக் கடக்க வேண்டும். மழையில் நாலு செக்கன்.

பின்னால் எடுப்பது பற்றி நான் இப்போது என் கடையில் சட்டமே வைத்திருக்கிறேன். ஏறுமுன் வாகனத்தைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும். குனிந்தும் பார்க்க வேண்டும். உதவியாளர் இறங்கி, கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். அவர் கண்ணாடியிலிருந்து மறைந்த நிமிடமே வாகனம் நிற்க வேண்டும். பாடசாலை விடும் நேரத்தில் ஒழுங்கைகளில் டெலிவரி இல்லை. வாடிக்கையாளர் கோபித்தாலும் பரவாயில்லை.

நம் வீதிகளின் பழக்கங்களையும் பயிற்றுநரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சுற்றுவட்டத்தில் வலது பக்கமிருந்து வருபவருக்கு வழி விட வேண்டும். எதிரே வருபவர் லைட் அடித்தால் "நீங்கள் வாருங்கள்" என்று நினைத்துவிடாதீர்கள். நம் நாட்டில் பெரும்பாலும் "நான் வருகிறேன், நில்லுங்கள்" என்றுதான் அதற்கு அர்த்தம்.

பத்திர வேலைகள்

முதலில் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் மருத்துவச் சான்றிதழ். பிறகு திணைக்களத்தில் விண்ணப்பம், எழுத்துப் பரீட்சை. 40 கேள்விகள் கொண்ட அந்தப் பரீட்சையைத் தமிழிலும் எழுதலாம். நம்மவர்கள் சிலர் இதை ஒரு சடங்காக நினைத்து, விடைகளை மட்டும் மனப்பாடம் செய்கிறார்கள். வீதிச் சமிக்ஞையை விளங்கிப் படியுங்கள். பரீட்சை மண்டபத்தை விட்டு வெளியே வந்தால் அதே கேள்விகள் பலகையாக வீதியோரம் நிற்கின்றன. அங்கே பிழையான விடைக்குப் புள்ளி குறைவதோடு முடியாது.

எழுத்துப் பரீட்சையில் தேறிப் பயிலுநர் அனுமதிப்பத்திரம் கிடைத்ததிலிருந்து செய்முறைப் பரீட்சை வரை இருக்கும் காலத்தை வீணாக்காதீர்கள். பயிற்சியைப் பிரித்துப் பழகுங்கள். பத்து நாளில் அடுக்காக முடித்துவிட்டுப் பரீட்சை வரை சும்மா இருந்தால் கால் மறந்துவிடும். கிழமைக்கு இரண்டு நாள் என்று நீட்டினால் மழையும் வெயிலும் சனமும் எல்லாம் பழகும். பழகுபவர் தனியாக ஓட்டக் கூடாது, பக்கத்தில் லைசன் உள்ளவர் இருக்க வேண்டும். சட்டமும் அதுதான், புத்தியும் அதுதான். முடிந்தவரை இரட்டைக் கட்டுப்பாடு உள்ள வாகனத்திலேயே பழகுங்கள்.

பாஸ் பண்ணியவுடன் கடை வேனைக் கொடுத்துவிடாதீர்கள். முதல் மாதம் வெறும் வேன், தெரிந்த வீதி, பகல் நேரம், பக்கத்தில் அனுபவமுள்ளவர். இரண்டாம் மாதம் அரைச் சுமை. சுமை ஏறினால் பிரேக் வேறு, வளைவு வேறு. லேர்னர்ஸில் சுமையோடு யாரும் பழக்குவதில்லை. அது முதலாளியின் பொறுப்பு.

கடைசியாக

2024 இல் என் இளைய மகள் வாகனம் பழக வேண்டும் என்றாள். இந்த முறை நான் விலையைக் கடைசியாகத்தான் கேட்டேன். பெண் பயிற்றுநர் ஒருவர் கிடைத்தார். காரில் அவளும் பயிற்றுநரும் மட்டும். அவரிடமும் ஒரு கொப்பி இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அந்த ஓய்வுபெற்ற பஸ் சாரதியின் நினைவு வந்தது. மனம் அமைதியானது.

லைசன் எடுத்த பிறகு ஒரு நாள் கண்டிக்கு அவளே ஓட்டினாள். கடுகண்ணாவ ஏற்றத்தில் முன்னால் ஒரு பஸ் நின்றது. எனக்கு வயிறு கலங்கியது. "மகள், ஹேண்ட் பிரேக்..." என்று தொடங்கினேன். "வாப்பா, கொஞ்சம் பேசாம இருங்க" என்றாள். ஹேண்ட் பிரேக் ஏலவே மேலே இருந்தது. பஸ் புறப்பட்டது. கார் ஓர் அங்குலமும் பின்னால் போகாமல் முன்னால் ஏறியது.

அவளுடைய பயிற்சிக்கு மற்ற இடங்களை விடப் பன்னிரண்டாயிரம் ரூபா அதிகமாகக் கொடுத்தேன். என் வியாபார வாழ்க்கையில் இலாபம் எவ்வளவு என்று எண்ணிப் பார்க்க முடியாத கொள்வனவு அது. எட்டாயிரம் ரூபா மிச்சம் பிடித்த கணக்கும் என்னிடம் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் இதை எழுதினேன். உங்கள் பிள்ளைக்கோ கடைப் பையனுக்கோ பணம் கட்டப் போகுமுன், இந்தப் பக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அந்த எட்டுக் கேள்விகளையும் கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.